மேடம் கொடுத்த பூனை

கான்ஸ்டபிள் அனுசியா எஸ்.ஐ. தேர்வில் தேறிவிட்டாள் என்று ஸ்டேஷனில் லட்டு கொடுத்துக்கொண்டிருந்த அன்று, அவள் வீட்டில் நான்கு பூனைகள் இருந்தன. தாய் ஒன்று, குட்டி மூன்று. பயிற்சி சென்னையில். ஒரு வருஷம் அங்கேயே தங்க வேண்டும். பூனையைக் கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டால் சிரித்தே அனுப்பிவிடுவார்கள். புருஷன் முத்துச்செல்வம் ராணுவத்தில், ராஜஸ்தான் பக்கம் இருக்கிறான். ராயகிரியில் அம்மா வீட்டில் கோழிகள் மேய்கின்றன. ஆக, தென்காசியில் காவலர் குவார்ட்டர்ஸைக் காலி செய்வதற்குள் நான்குக்கும் இடம் பார்த்தாக வேண்டும்.

தாய்ப்பூனையைப் பற்றிக் கவலை இல்லை. அது குவார்ட்டர்ஸுக்கே பொதுவான பூனை. காலையில் ஒரு வீடு, மத்தியானம் ஒரு வீடு என்று சாப்பிட்டுப் பழகியது. எதிர் வீட்டு மஞ்சு, "நீ போக்கா, அதை நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டாள். குட்டிகள்தான் சிக்கல். அவற்றின் தகப்பன் சாதாரண ஆள் இல்லை.

குவார்ட்டர்ஸின் பின்சுவருக்கு அந்தப்பக்கம் சேக் மைதீன் வீடு. மைதீன் மஸ்கட்டில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். வரும்போது என்ன கொண்டுவருவாரோ என்று வாசலில் காத்திருந்த சொந்தக்காரர்களுக்கு, கூண்டுக்குள் ஒரு பெங்கால் கடுவன் பூனையைக் காட்டிய மனுஷர். காட்டில் திரிகிற சிறுத்தைப்பூனையை வீட்டுப்பூனையோடு சேர்த்து வெளிநாட்டுக்காரர்கள் உண்டாக்கிய இனம் அது. உடம்பெல்லாம் சிறுத்தைப்புள்ளி. அந்தக் கடுவன் ஒரு நாள் சுவர் ஏறிக் குதித்ததன் பலன்தான் அனுசியா வீட்டுக் குட்டிகள்.

மூன்றில் ஒன்றுக்கு அப்பன் சாயல் அப்படியே வந்திருந்தது. பொன்னிறத்தில் கரும்புள்ளி. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். சுந்தரபாண்டியபுரத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் ஜோயல் அதைக் கொண்டுபோனான். இன்னொன்று கறுப்பு. அது கீழப்பாவூரில் ஒரு டீச்சர் வீட்டுக்குப் போயிற்று. மூன்றாவது சாம்பல் நிறம், மேலே வரி வரியாகக் கோடு. தெருவில் பத்துப் பூனை போனால் எட்டு அப்படித்தான் இருக்கும். பிறந்த முதல் வாரம் தூங்கிக்கொண்டே இருந்தது என்று அதற்குச் சாந்தி என்று பெயர் வைத்தாள் அனுசியா. அவசரப்பட்டு வைத்த பெயர்.

கால் ஊன்றி நடக்க ஆரம்பித்ததும் சாந்தி தன் குணத்தைக் காட்டியது. தரையில் நடப்பதைக் கேவலமாக நினைத்தது. பீரோ மேல், ஜன்னல் கம்பி மேல், மின்விசிறி நிற்கும்போது அதன் இறக்கை மேல் என்று எல்லாம் மேலேதான். தண்ணீரைக் கண்டால் மற்றப் பூனைகள் ஓடும். இது குளியலறை வாளிக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். வாயில் அகப்பட்டதை எல்லாம் கவ்விக்கொண்டு போய்த் தண்ணீரில் போடும். கரண்டி போயிற்று, ஹேர் கிளிப் போயிற்று, ஒரு நாள் ஸ்டேஷன் பைக்கின் சாவியும் போயிற்று. கொண்டியில் தொங்கிக் கதவைத் திறக்கக் கற்றுக்கொண்டது. மடியில் தூக்கி வைத்தால் ஒரு நிமிஷம் இருக்காது, ஆனால் அனுசியா போகிற இடமெல்லாம் பின்னாலேயே வந்து என்ன செய்கிறாள் என்று பார்க்கும். குரலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பெல்ட் நழுவின மாவு மில் மாதிரி இருக்கும்.

"தங்கச்சி, புள்ளி எல்லாம் அண்ணன்காரனுக்குப் போயிட்டு, குணம் எல்லாம் இவளுக்கு வந்துட்டு," என்றார் மைதீன், சுவருக்கு மேலாகத் தலையை நீட்டி. "ஜோயல் கொண்டுபோனது வெறும் நாட்டுப்பூனை. சட்டைதான் பெங்கால். இவ போட்டுருக்க சட்டைதான் நாட்டுச்சட்டை."

"கடிக்குது பாய். கோவமா, என்னன்னு தெரியல."

"கோவம் கிடையாது. சும்மா இருக்க முடியாது, அவ்வளவுதான். காலையில கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம், ஓட விட்டு ஏற விட்டுக் களைக்க வைக்கணும். உசரமா ஒரு இடம் வேணும். பக்கத்துல ஆளு இருக்கணும். அடைச்சு வச்சா கெட்டுப்போயிரும், சோறு திங்காது, கத்தியே நம்மளக் கொன்னுரும்."

"அப்போ நீங்களே வச்சுக்கிடுங்களேன்."

"மாட்டேன்," என்றார் மைதீன். "ஒண்ணை வச்சுக்கிட்டே எங்க வீட்டு டி.வி.யச் சுவத்தோட திருகி வச்சிருக்கேன்."

முகத்துக்கு நேராக அவளிடம் மாட்டேன் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். அனுசியாவுக்கு அன்றைக்கு அது கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

சாந்திக்கு இடம் பார்ப்பதில் அவள் மற்ற இரண்டுக்கும் காட்டாத அக்கறையைக் காட்டினாள். பாஸ்போர்ட் விசாரணைக்குப் போய்ப் போய்ப் பழகியவள். ஆளைப் பார்த்ததும் குணத்தைச் சொல்லிவிடுவாள், பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை, டீக்கடையில் ஒரு வார்த்தை விட்டுப் பார்ப்பாள், பொய் சொல்கிறவன் காலை எங்கே மாற்றி வைப்பான் என்பதுகூடத் தெரியும். அதே முறையில்தான் குற்றாலத்தில் ஆவுடையப்பனைக் கண்டுபிடித்தாள்.

ஆவுடையப்பனுக்கு ஐந்தருவி போகிற ரோட்டில் பழக்கடை. முன்னால் மங்குஸ்தான், ரம்புட்டான், முட்டைப்பழம். பின்னால் நேந்திரம் சிப்ஸ் வறுக்கிற அடுப்பு, டின்கள் அடுக்கிய உயரமான ஓட்டுக்கூரை குடோன், அதற்கும் பின்னால் ஓடை, பலா மரங்கள். பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் கடையோடேயே இருக்கிறார்கள். நாய் இல்லை, கோழி இல்லை. நல்ல மனுஷன், பீடி கூடக் கிடையாது என்று டீக்கடைக்காரர் சொன்னார். பெங்கால் ரத்தம் ஓடுகிற ஒரு குட்டிக்கு இதைவிட நல்ல இடம் இந்த ஜில்லாவில் கிடைக்காது என்று அனுசியா முடிவுகட்டினாள். அந்த முடிவில் ஒரு தப்பும் இல்லை. கேட்ட விதத்தில்தான் தப்பு.

சீசன் தொடங்கிச் சாரல் அடிக்க ஆரம்பித்திருந்தது. கூட்டம் வருவதற்குள் ரோட்டை மறித்து நிற்கும் கடைப் பலகைகளை உள்ளே இழுக்கச் சொல்லி இன்ஸ்பெக்டர் உத்தரவு. அந்த வேலையாகத்தான் அனுசியா யூனிஃபார்மில், கையில் லத்தியோடு, கடை கடையாக வந்துகொண்டிருந்தாள்.

"பலகை ரோட்டுல நிக்கி பாருங்க அண்ணாச்சி, உள்ள இழுத்துக்கிடுங்க," என்றாள் ஆவுடையப்பனிடம். அதே மூச்சில், "ஒரு பூனைக்குட்டி இருக்கு. வளர்க்கியளா?" என்று கேட்டாள்.

ஆவுடையப்பன் பலகையைப் பார்த்தார். லத்தியைப் பார்த்தார். "குடுங்கம்மா, வளர்க்கேன்," என்றார். "எங்க வீட்டுல அவளுக்குப் பூனைன்னா உசுரு."

அவர் காலை மாற்றி வைக்கவில்லை. அனுசியா அதையும் கவனித்துத் திருப்திப்பட்டுக்கொண்டாள். தலையில் இருக்கிற தொப்பி போட்டிருப்பவர் கண்ணுக்குத் தெரியாதே.

குட்டியைக் கடையில் கொண்டுபோய் விட்ட பிறகு, அருவியில் பெண்கள் பக்கம் பந்தோபஸ்து முடிந்து திரும்பும்போதெல்லாம் கடைமுன் வண்டியை நிறுத்தி, "எப்படி இருக்கு?" என்று கேட்பாள். "ராணி மாதிரி இருக்கும்மா," என்பார் ஆவுடையப்பன். பலகை எப்போதும் உள்ளேதான் இருக்கும். ஒரு நாள், பார்க்கட்டுமா என்று கேட்டாள். "இப்பந்தான் மீன் சோறு தின்னுட்டுத் தூங்குது. எழுப்பணுமாம்மா?" என்றார். சாந்தி பகலில் அந்த நேரத்துக்குத் தூங்கிப் பார்த்ததே இல்லை அவள். புது வீட்டில் குணம் மாறியிருக்கிறது, நல்ல இடத்தில் கொடுத்திருக்கிறோம் என்று சந்தோஷமாகத்தான் போனாள். நாம் கேட்க நினைக்கிற பதிலை ஒருவர் சொல்லும்போது யார்தான் குறுக்கு விசாரணை செய்கிறார்கள்?

வேலையிலிருந்து விடுவித்து உத்தரவு வந்த பிறகு ஒரு நாள், கடைசியாகக் குட்டியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று குற்றாலத்துக்குக் கிளம்பினாள். சுடிதார். சாரலுக்காகத் துப்பட்டாவைத் தலையோடு சேர்த்து முகத்தில் சுற்றியிருந்தாள். கடையில் ஆவுடையப்பன் இல்லை, சரக்கெடுக்கப் போயிருந்தார். கல்லாவில் அவர் மனைவி குருவம்மாள் உட்கார்ந்திருந்தாள். அடுப்படியை விட்டு முன்னால் வராத பெண்பிள்ளை. அனுசியாவை அவள் பார்த்ததில்லை.

அனுசியா ரம்புட்டான் கூடையில் கை வைத்தபோது உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. பெல்ட் நழுவின சத்தம்தான். ஆனால் இடையிடையே தொண்டை அடைத்துக்கொண்டது.

"உள்ள என்னக்கா சத்தம்?"

"அத ஏன் கேக்க தாயி," என்றாள் குருவம்மாள். யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவள் போலிருந்தது. "ஒரு போலீஸ்காரி கொண்டாந்து தலையில கட்டிட்டுப் போயிட்டா. பூனை. பலகைய எடுன்னு சொல்ல வந்த பொம்பள, பூனை வளர்க்கியான்னு கேட்டா. அதுக்கு என்ன அர்த்தம்னு நீயே சொல்லு. இவருக்கு மாட்டேன்னு சொல்ல வாய் வருமா? இது இன்ஸ்பெக்டர் வீட்டுப் பூனையாத்தான் இருக்கும், பாத்துக்கிடச் சொல்லுதாவ அப்படின்னு நெனச்சிக்கிட்டாரு."

அனுசியாவின் கையிலிருந்த பழம் கூடையில் விழுந்தது. "உங்களுக்குப் பூனை பிடிக்காதாக்கா?"

"பிடிக்காம என்ன? வந்த அன்னைக்கு நான் சிரிச்ச சிரிப்புக்கு அளவே கிடையாது. எலுமிச்சம்பழத்த ஒண்ணொண்ணாக் கவ்விட்டுப் போயி டிரம் தண்ணியில போடுது. சிப்ஸ் டின்னு அடுக்குல ஏறி உச்சியில நின்னுக்கிட்டு என்னைய அதட்டுது. கூட்டத்துக்கும் அடுப்புக்கும் நடுவுல நமக்கும் ஒரு தமாசு வேணும்லா." குருவம்மாளின் முகம் ஒரு கணம் மலர்ந்து உடனே வாடியது. "ரெண்டாம் நாளு மத்தியானம் ஓடைப்பக்கம் போயிட்டு. இவரு கடையப் போட்டது போட்டபடி தேடுதாரு. மேடம் பூனை போச்சு, நம்ம கடையும் போச்சுன்னு ஒரே அழுகை. பொழுது சாய அதுவாத்தான் நனைஞ்சுக்கிட்டு வந்துச்சு. அன்னைக்குக் கட்டினதுதான்."

"கட்டியா?"

"கயித்துல. இழுத்து இழுத்துக் கழுத்து புண்ணாப் போச்சு. இவரு கண் அசந்ததும் நான் அவுத்துவிட்டு, எழும்புததுக்குள்ள திரும்பக் கட்டிருவேன். மஞ்சத்தூளு வைக்கேன். சரியா திங்க மாட்டேங்குது. அடிக்கடி அவ வந்து நிப்பா, எப்படி இருக்குன்னு கேப்பா. இவரு ராணி மாதிரி இருக்குன்னு சொல்லிட்டு உள்ள வந்து தண்ணி குடிப்பாரு. பாவமா இருக்கும். அதுக்கு நாங்க வச்சிருக்க பேரே போலீசு."

அனுசியாவுக்கு அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொல்ல வெட்கமாகவும் இருந்தது. குறுக்கு வழியில் போகப் பார்த்தாள்.

"எனக்குத் தாங்கக்கா. நான் கொண்டுபோயி வளக்கேன்."

"ஐயையோ, வேற வினையே வேண்டாம். அவ வந்து கேட்டா என்னத்தச் சொல்ல?"

தனக்குப் பயந்து தன்னிடமே பூனையைத் தர மறுக்கிற ஒருத்தியிடம் எவ்வளவு நேரம்தான் நடிப்பது? அனுசியா துப்பட்டாவை அவிழ்த்தாள்.

"நான்தான்க்கா அந்தப் போலீஸ்காரி."

குருவம்மாள் சட்டென்று எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துத் தோளை மூடினாள். இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்த குரலே போய்விட்டது. "ராணி மாதிரி வச்சிருக்கோம்மா," என்றாள். "பாலு, மீனு எல்லாம் குடுக்கோம். சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்." சொல்லிக்கொண்டே எட்டிப் பார்த்து, சரியாகவே இருந்த பலகையை இன்னும் ஒரு சாண் உள்ளே இழுத்தாள்.

அனுசியா எத்தனையோ பேர் தன் முன் நடுங்கிப் பார்த்திருக்கிறாள். அது உத்தியோகத்தோடு வந்தது, அதைப் பற்றி அவள் யோசித்தது கிடையாது. தன் அம்மா வயதில் ஒருத்தி பூனைக்காகத் தன்னிடம் பொய் சொல்லி நிற்பதைப் பார்த்தபோது மிகவும் கேவலமாக உணர்ந்தாள். "பலகையப் பத்திப் பயப்படாதீங்கக்கா, நான் சொல்லி வைக்கேன்," என்றாள். சொன்ன பிறகுதான் அதுவும் போலீஸ் பேச்சு என்று உறைத்தது.

குடோனில் தூணோடு சேர்த்துக் கட்டிக் கிடந்தது சாந்தி. முதுகெலும்பு தெரிந்தது. கழுத்தைச் சுற்றி முடி உதிர்ந்து, மஞ்சள் அப்பிய புண். கயிற்றை அறுக்கக் கை நீட்டியவளை ரத்தம் வரக் கடித்தது. அனுசியா கையை எடுக்காமல் அறுத்து முடித்தாள். குருவம்மாள் பழம் வந்த அட்டைப்பெட்டி ஒன்றில் ஓட்டை போட்டுக் கொடுத்தாள். அதற்குமேல் அவளிடமிருந்து "சரிம்மா"வைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஜோயலுக்குப் போன் போட்டாள்.

"சூப்பரா இருக்கு மேடம்," என்றான்.

"ஜோயல், நான் இந்த ஊரை விட்டே போறேன். இனிமே இந்த ஸ்டேஷனுக்கு வரமாட்டேன். இப்போ சொல்லு."

"சார்ஜர் வயரு ரெண்டக் கடிச்சுட்டு," என்றான் ஜோயல். "அது கெடக்கட்டும். எங்கம்மா அதப் பக்கத்துல வச்சுக்கிடாம சாப்பிட மாட்டேங்காவ." அனுசியாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. கீழப்பாவூர் டீச்சரும் இரண்டு குறை சொன்னாள். கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

மிச்சம் சாந்திதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பொதிகை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டாயிற்று. பயிற்சியில் சேர வேண்டிய தேதியில் சேராவிட்டால் வேறு ஆளுக்கு இடம் போய்விடும். குழந்தை கூட வேண்டாம் என்று தள்ளிப்போட்டு, டூட்டி முடிந்து வந்து கண் எரியப் படித்து வாங்கிய இடம் அது. பூனைக்கோ டாக்டர் மருந்து போட்டதில் புண் ஆறி வந்தது. மூன்றாம் நாளே வாளிக்குள் இறங்கிவிட்டது. ஆனால் கதவு தட்டும் சத்தம் கேட்டால் பீரோவுக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டது.

இந்தத் தடவை யாரிடமும் யூனிஃபார்மில் போகவில்லை. குறைகளை முதலில் சொன்னாள். கடிக்கும், கத்தும், கதவைத் திறக்கும், சாவியைத் தண்ணீரில் போடும், மடியில் உட்காராது, ஆளில்லாமல் விட்டால் வீட்டைப் பிரித்துவிடும். கேட்டவர்கள் எல்லாரும் மரியாதையாக வேண்டாம் என்றார்கள். மைதீன் தனக்குத் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் போன் போட்டார், பலன் இல்லை. "ஒரு சாக்குல போட்டு மீன் மார்க்கெட் பக்கம் விட்டுட்டா பொழச்சுக்கிடும்க்கா," என்றாள் மஞ்சு. ஊரில் நடக்கிற வழக்கம்தான். மார்க்கெட்டின் நாய்க்கூட்டத்தை அனுசியா பார்த்திருக்கிறாள். கழுத்தில் இன்னும் முடி முளைக்காத குட்டி அது. அங்கே ஒரு ராத்திரி தாங்காது.

"பூனைக்காக எஸ்.ஐ. வேலைய விடப்போறியாட்டி?" என்று போனில் கேட்டான் முத்துச்செல்வம்.

"விடமாட்டேன்," என்றாள். "ஆனா அதையும் விட முடியல."

சனிக்கிழமையும் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது. சாந்தி பீரோவுக்குப் பின்னால் ஓடியது. திறந்தால் குருவம்மாள். தலைக்குக் குளித்து, கோயிலுக்குப் போவதுபோல நல்ல சேலை உடுத்தி, கையில் ஒரு துணிப்பையோடு நின்றாள்.

"உள்ள வாங்கக்கா."

"இருக்கட்டும் மேடம்." வாசலிலேயே நின்றாள். "பூனைய யாருக்கும் குடுத்துட்டியளா?"

"இல்ல. ஒருத்தரும் கேக்கல. எனக்குச் சாயங்காலம் ரயிலு."

"நீங்க கொண்டுபோனதுல இருந்து டின்னு எல்லாம் அடுக்கினது அடுக்கினபடியே இருக்கு," என்றாள் குருவம்மாள். "பாக்கவே பிடிக்கல. எனக்குத் தாங்க. ஆனா சும்மா தரணும்."

"முதல்லயும் சும்மாதான்க்கா தந்தேன். காசா கேட்டேன்?"

"இல்ல மேடம். முதல்ல நீங்க தரல. பாத்துக்கிடச் சொல்லிட்டுப் போனிய." குருவம்மாள் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள். பேச்சு நிற்கவில்லை. வழி நெடுக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருப்பாள் போல. "இப்போ தந்தா அது எங்க பூனை. கயிறு கிடையாது. ஓடைக்குப் போவும், மரத்துல ஏறும். வந்தா வரும், வராமலும் போவும். என்ன ஆச்சுன்னு நீங்க போன் போட்டுக் கேக்கக் கூடாது. ஆள விட்டுக் கேக்கக் கூடாது. கடைப்பக்கம் வந்தா பழம் வாங்குங்க, பூனையப் பத்திப் பேசக் கூடாது. அப்படீன்னாத்தான் எங்க வீட்டுக்காரரு கட்டாம இருப்பாரு. அவரையும் கூட்டிட்டுத்தான் வந்தேன். உள்ள வரமாட்டேன்னு பஸ் ஸ்டாப்புலயே நிக்காரு."

போலீஸ் குவார்ட்டர்ஸுக்குள் நின்று இதுவரை யாரும் அனுசியாவுக்கு நிபந்தனை போட்டதில்லை. அவளுக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. ஓடையில் வெள்ளம் வரும். ரோட்டில் வண்டி போகும். பலா மரத்தடியில் பாம்பு கிடக்கும். இந்தக் குட்டிக்கு என்ன ஆனது என்று இனி ஒருநாளும் அவளுக்குத் தெரியாது.

"தடுப்பூசி இன்னொன்னு போடணும்," என்றாள் மெதுவாக. "ஆறாம் மாசம் கருத்தடை ஆபரேஷன் செய்யணும்."

"அதெல்லாம் சொல்லுங்க, கேட்டுக்கிடுதேன். போட்டியா, செஞ்சியான்னு பிறகு கேக்கக் கூடாது."

"நீங்க அதைக் கட்டாம வைக்கணும். விளையாடக் கொஞ்ச நேரம்..."

"அதத்தான் நான் சொல்லிட்டேனே மேடம்."

ஆமாம், சொல்லிவிட்டாள். அனுசியா விசாரித்த ஒருவரும் அவளிடம் இப்படி ஒரு பதிலைச் சொன்னதில்லை. வராமலும் போகும் என்று யாராவது ஒரு போலீஸ்காரியிடம் சொல்வார்களா? பொய் சொல்ல வந்தவள் என்றால் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்வேன் என்றல்லவா சொல்லியிருப்பாள்.

"சரிக்கா," என்றாள். "கேக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

சாந்தியைப் பீரோவுக்குப் பின்னாலிருந்து எடுப்பதற்குள் இருவருக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது. குருவம்மாள்தான் கடைசியில் துணிப்பைக்குள்ளிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தரையில் உருட்டினாள். பூனை தலையை நீட்டியது, பழத்தைப் பார்த்தது, அவளைப் பார்த்தது. பிடித்துப் பெட்டிக்குள் போடும்போது விரலில் ஒரு கடி. "ஏ மூதி," என்று குருவம்மாள் விரலை உதறிக்கொண்டு சிரித்தாள். அனுசியா அவள் சிரித்து அப்போதுதான் முழுசாகப் பார்த்தாள்.

கேட் வரைக்கும் கூடவே போனாள். பெட்டிக்குள் மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது. சென்ட்ரியில் நின்ற கான்ஸ்டபிள் இருவரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தான். ரோட்டுக்கு அந்தப்பக்கம் ஆவுடையப்பன் இவர்களைக் கண்டதும் வேட்டி மடிப்பை அவிழ்த்துவிட்டு நிமிர்ந்து நின்றார். அனுசியாவுக்கு அதைப் பார்த்ததும் அடக்க முடியவில்லை. வேலை பார்த்த ஊரில், நடு ரோட்டில், நாளை எஸ்.ஐ. ஆகப்போகிறவள் குழந்தை மாதிரி அழுதாள்.

குருவம்மாள் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மற்றக் கையால் முந்தானையை எடுத்து அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"அழாத ஏட்டி. ரயிலுக்கு நேரமாகும், போயி நாலு வாய் சாப்பிட்டுக் கிளம்பு."

இனி எப்போது பார்க்கலாம் என்று கேட்க வாயெடுத்த அனுசியா, கேட்காமல் உள்ளே போனாள்.